நீண்டுவிட்ட கரை: ஒட்டுப் போர்வைக்குக் கரை பொருத்தும் முறை

நெசவாளர்களுக்குக் கரை என்பது புதிய சொல் அன்று. புடவையின் கரையும் உடலும் ஒரே தறியில் ஒன்றாகவே வளர்கின்றன. ஆனால் தனியே தைத்த கரையைத் தனியே தைத்த உடலோடு இணைக்கும் வேலை ஒன்று உண்டு. அதில் கரை உடலைவிட நீண்டுவிடும் துன்பம் அடிக்கடி நேர்கிறது. அத்துன்பம் எவ்வாறு வருகிறது, அதனைத் தீர்ப்பது எவ்வாறு, அதற்குப் பொறுப்பு யாருடையது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒட்டுப் போர்வை என்பது யாது?

குவில்ட் என்று வணிகர் சொல்லும் ஒட்டுப் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே சிறு துண்டுகளை இணைத்துச் செய்த தட்டு, நடுவே பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்த தையல் அவற்றை ஒன்றாக நிறுத்துகிறது. பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் நம் வீட்டு வழக்கத்திற்கு இது உறவுதான். மேல்தட்டின் நடுப்பகுதியை உடல் என்றும், அதனைச் சுற்றி வரும் பட்டையைக் கரை என்றும் கூறுவோம். கரை ஒரே துணியாயின் வேண்டிய நீளத்திற்கு வெட்டிக்கொள்ளலாம். சிறு சதுரங்களை நிறம் மாற்றி மாற்றி இணைத்த கரையாயின் அதன் நீளத்தை வெட்டிக் குறைக்க முடியாது; வெட்டினால் சதுரம் பாதியாகி மூலையின் அழகு கெடும்.

ஒரு சங்கத்தில் கண்டது

பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஒருமுறை பார்வையிடச் சென்றிருந்தோம். சீருடை வேலை இல்லாத மாதங்களில் கூலி வேண்டும் என்பதற்காக, அச்சங்கம் கைத்தறித் துணியில் 20 ஒட்டுப் போர்வைகள் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தது. முதலில் அனுப்பியவற்றுள் 3 போர்வைகள் திரும்பி வந்தன. விரித்துப் பார்த்தால் உடல் படிந்து கிடந்தது. கரை மட்டும் அலை அலையாக எழுந்து நின்றது. வீணான துணியின் விலையைக் கரை பொருத்திய அங்கத்தினரின் கூலியில் பிடிப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது.

தீர்மானப் புத்தகத்தில் அது முறைப்படி எழுதப்பட்டிருந்தது. வருகை தந்தோர் கையொப்பமும் இருந்தது. ஆகவே நாம் அதில் குறை காணாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். அப்பொழுது அந்த அம்மையார் ஒரு கரையை எடுத்து வந்து மேசைமேல் நீட்டினார். "ஐயா, இது என் கைக்கு வரும்போதே நீளமாகத்தான் வருகிறது. நான் தைப்பது கடைசித் தையல் ஒன்றுதான். இதில் எதை வெட்டுவேன், எங்கே ஒளிப்பேன்?" என்றார்.

அங்குல நாடாவை வரவழைத்து அளந்தோம். தையலுக்கு விட்ட துணி உட்பட 72 1/2 அங்குலம் இருக்க வேண்டிய கரை 74 11/16 அங்குலம் இருந்தது. புத்தகத்தைப் பார்த்த நாம் துணியைப் பார்க்கவில்லை என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

மிகை எங்கிருந்து வந்தது?

அப்போர்வையின் உடல் நீளம் 72 அங்குலம், அகலம் 60 அங்குலம். கரைச் சதுரம் ஒவ்வொன்றும் 2 1/2 அங்குலமாக வெட்டப்பட்டு, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனபின் 2 அங்குலமாக நிற்க வேண்டும். நீளப் பக்கத்திற்கு 36 சதுரங்கள். அவற்றை இணைக்கும் தையல்கள் 35. அகலப் பக்கத்திற்கு 30 சதுரங்கள், தையல்கள் 29. நான்கு மூலைகளுக்கு நான்கு சதுரங்கள் தனி.

தைத்தவர்கள் அனைவரும் கால் அங்குலம் என்றே தைத்தார்கள். ஆனால் அவர்கள் கால் அங்குலமாகக் கொண்டது, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் ஓரத்தை. அந்தப் பாதத்தின் அகலம் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சங்கத்தில் கரைச் சதுரம் இணைத்த இயந்திரங்களில் ஊசிக்கும் பாதத்தின் ஓரத்திற்கும் இடைவெளி 7/32 அங்குலம். அதாவது கால் அங்குலத்திற்கு 1/32 அங்குலம் குறைவு. கண்ணுக்கு அது ஓரிரு நூலின் கனம்.

ஒரு தையலில் இரண்டு துண்டுகளின் ஓரம் போகிறது. ஆகவே தையல் 1/32 குறைந்தால் நீளம் 1/16 கூடும். 35 தையல்களில் 35/16. அதாவது 2 3/16 அங்குலம். அந்த அம்மையார் மேசைமேல் நீட்டிய மிகை இதுவே. அகலப் பக்கத்தில் 29/16. அதாவது 1 13/16 அங்குலம். யாரும் கவனக்குறைவாகத் தைக்கவில்லை. ஒருவரும் பெரிய பிழை செய்யவில்லை. சிறு பிழைகள் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து, கடைசியில் வேலை செய்பவர் கையில் முழுத் தொகையாக வந்து நின்றன.

மிகைக்கு வேறு காரணங்களும் உண்டு. பாவுக்கும் ஊடைக்கும் இணையாக வெட்டிய துண்டு எளிதில் நீளாது. குறுக்கே, தையற்காரர் கிராஸ் என்று சொல்லும் வாக்கில், வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும். முக்கோணங்களால் ஆன கரையில் இது பெருந்தொல்லை. நீண்ட ஓரம் கரையின் வெளிப்புறத்தில் வருமானால், அந்த ஓரம் பாவு அல்லது ஊடை வாக்கில் அமையுமாறு வெட்டுதல் வேண்டும். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளித் தேய்ப்பதாலும் துணி நீளும். பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்தே அழுத்த வேண்டும். கைத்தறிப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும் இயல்புடையது. உடல் துணியும் கரைத் துணியும் வேறுவேறு அளவு சுருங்கலாம். ஆகவே வெட்டுவதற்கு முன்பே இரண்டையும் நனைத்து உலர்த்திக்கொள்வது நன்று.

செய்யத் தகாதவை

முதலாவது, மிகையை இழுத்தும் சுருக்கியும் உடலோடு சேர்த்துத் தைத்துவிடுதல். இதனால் கரையின் உள்ளோரம் மட்டுமே உடலின் நீளத்திற்குச் சுருங்குகிறது. வெளியோரம் பழைய நீளத்திலேயே நிற்கிறது. அந்த அதிக நீளம் போக இடமின்றி அலையாக எழும்புகிறது. பஞ்சு வைத்து ஊடுதையல் போடும்போது அந்த அலை மடிப்பாக விழும். திரும்பி வந்த 3 போர்வைகளுக்கும் நேர்ந்தது இதுவே.

இரண்டாவது, நுனியை வெட்டிவிடுதல். மூலையில் நிற்கும் சதுரம் குறுகி, எதிர்ப்பக்கத்தோடு ஒவ்வாமல் போகும். தையலுக்கு விட்ட துணியும் போய்விடும்.

மூன்றாவது, கரைக்கு ஏற்ப உடலை இழுத்து நீட்டுதல். அன்று நீளும், முதல் சலவையில் பழைய இடத்திற்குத் திரும்பும்.

முதலில் அளத்தல்

உடலை அழுத்தித் தேய்த்து, இழுக்காமல் மேசைமேல் விரித்து அளக்க வேண்டும். ஓரத்தை மட்டும் அளப்பது போதாது. கையாளும்போது ஓரமே முதலில் நீளுகிறது. நடுவே ஒரு முறையும், இரு பக்க ஓரங்களிலிருந்து சிறிது உள்ளே தள்ளி ஒவ்வொரு முறையும், ஆக மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எதிரெதிரான இரு கரைகளும் அந்த ஒரே அளவுக்கு வர வேண்டும். இல்லையேல் போர்வை கோணலாகும்.

பிறகு கரையை அளந்து மிகையைக் கணக்கிடுக. அந்த மிகை எத்தனை 1/16 அங்குலம் என்று எழுதுக. அந்த எண்ணே, ஆழப்படுத்த வேண்டிய தையல்களின் எண்ணிக்கை.

மிகையைத் தீர்க்கும் வழிகள்

முதல் வழி: 72 அங்குலத்தில் கால் அங்குலத்திற்கு உட்பட்ட மிகையாயின் குண்டூசியால் சமமாகப் பங்கிட்டுத் தைத்தால் போதும். பருத்தித் துணி அதனைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் வழி: தையல்களை ஆழப்படுத்துதல். இதற்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பழைய தையலுக்கு 1/32 அங்குலம் உள்ளே புதிய தையல் ஒன்று போட்டால் போதும். ஒரு தையலுக்கு 1/16 குறையும். மிகை 1 அங்குலமாயின் 16 தையல்கள். அவற்றை ஓரிடத்தில் குவிக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகக் கரை முழுவதும் பரப்ப வேண்டும். ஒரு சதுரம் 1/16 குறுகுவது கண்ணில் படாது. ஒரே சதுரம் 1 அங்குலம் குறுகினால் எவரும் காண்பர். முக்கோணக் கரையாயின் ஆழமான தையல் முனைகளைத் தின்றுவிடும்; அங்கே இவ்வழியை அளவோடு கையாளுக.

மூன்றாம் வழி: ஒரு சதுரத்தை எடுத்துவிடுதல். மேற்சொன்ன நீளக் கரையில் ஒரு சதுரத்தை எடுத்தால் 2 1/16 அங்குலம் குறைகிறது. எஞ்சும் மிகை 1/8 அங்குலம். இரண்டு தையல்களை ஆழப்படுத்தினால் கணக்கு நேராகும். சதுரத்தை நுனியிலிருந்து எடுக்க வேண்டும். நடுவிலிருந்து எடுத்தால் ஒரே நிறம் இரண்டு அருகருகே வந்துவிடும். ஒரு பக்கத்தில் எடுத்தால் எதிர்ப்பக்கத்திலும் எடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் நிறம் மாறி மாறி வருவது சுற்றிலும் அறாது. ஆனால் மூலைச் சதுரங்களின் நிறம் முன்போல் அமையாது. வாங்குபவர் கொடுத்த மாதிரிக்கு அது ஒத்துவருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்காம் வழி: உடலை வளர்த்தல். உடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரே துணியில் வெறும் பட்டை ஒன்று வைப்பது இது. கரையைக் குறைப்பதற்குப் பதிலாக, கரைக்கு ஏற்ற உடலை நாம் உண்டாக்குகிறோம். நமது உதாரணத்தில் நீளப் பக்க மிகை 2 3/16. அகலப் பக்க மிகை 1 13/16. நான்கு புறமும் ஒரே அகலப் பட்டை இருந்தால்தான் பார்வைக்கு நன்று. ஆகவே சிறிய மிகையைக் கொண்டு, தைத்தபின் 7/8 அங்குலம் நிற்கும் பட்டையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கத் தையலுக்கும் அரை அங்குலம் சேர்த்து 1 3/8 அங்குல அகலத்தில் வெட்ட வேண்டும். இருபுறமும் பட்டை வருவதால் உடல் நீளத்திலும் அகலத்திலும் 1 3/4 அங்குலம் வளரும். அப்பொழுது அகலக் கரையில் எஞ்சுவது 1/16, ஒரு தையல். நீளக் கரையில் எஞ்சுவது 7/16, ஏழு தையல்கள். 35 தையல்களைத் திரும்பத் தைப்பதற்கு ஏழே போதும். உடலும் கரையும் பல நிறமாக இருக்குமிடத்தில் வெறும் பட்டை கண்ணுக்கு இளைப்பாறுதலும் தரும். ஆனால் போர்வையின் அளவு கூடுகிறது. பட்டைத் துணியும் செலவாகிறது. அளவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பின் வாங்குபவரின் சம்மதம் முன்னரே பெற வேண்டும்.

பொருத்தும் முறை

உடலின் பக்கத்தைப் பாதியாகவும், காலாகவும், அரைக்காலாகவும் மடித்துச் சாக்குக்கட்டியால் குறியிடுக. கரையையும் அவ்வாறே குறியிடுக. முதலில் இரு நுனிகளையும், பின்பு நடுக் குறியையும், அதன்பின் ஏனைய குறிகளையும் குண்டூசியால் இணைக்க வேண்டும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை இழுத்துக்கொண்டே போவது தவறு. மிகை முழுவதும் கடைசி ஒரு சாணில் வந்து குவியும். சிறிது மிகையுள்ள துணியை அடியில் வைத்துத் தைக்க வேண்டும். துணியை நகர்த்தும் பல் இயந்திரத்தில் அடியில் இருப்பதால், அடித்துணியை அது சற்று விரைந்து உள்வாங்கும். முதலில் இரு நீளக் கரைகளையும், பிறகு மூலைச் சதுரங்கள் இணைத்த அகலக் கரைகளையும் பொருத்துக.

பல கைகள் சேரும் வேலை

இந்தக் கலை பெருவழக்காய் உள்ள அமெரிக்க நாட்டில், அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் மாவட்டத்தில், 1966-ஆம் ஆண்டில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்னும் மகளிர் கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் அங்கத்தினர் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின ஏழைப் பெண்கள். வாக்காளராகப் பதிவு செய்துகொண்டதற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்த குடும்பங்கள் அவர்களுள் இருந்தன. ஃபிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார் அவர்களது போர்வைகளை நியூயார்க் நகரில் ஏலத்திற்கு அனுப்ப உதவினார். அந்த வருவாயிலிருந்து வளர்ந்த அமைப்பு நிலம் வாங்கிற்று. 1969-இல் தனக்கென்று ஒரு தையற்கூடம் கட்டிற்று.

அப்பெண்கள் வீட்டுக்கென்று தைத்த போர்வைகள் கண்ணளவில் பிறந்தவை. தேய்ந்த வேலையுடுப்புகளை வெட்டி, துண்டு குறைந்தால் ஒட்டியும் மிகுந்தால் குறைத்தும் தைத்தார்கள். வெட்டியவரும் இணைத்தவரும் ஒருவரே ஆதலால் கரை நீண்டதென்ற வழக்கு எழவில்லை. அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கலைப் பொருளாகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் பெருங்கடைகளின் ஆர்டர் வந்தபோது ஒன்றுபோல் ஒன்று அளவு அமைய வேண்டியதாயிற்று. 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்திற்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்தார்கள். அங்கே கண்ணளவு போதாது, பொது அளவு வேண்டும். அவ்வமைப்பு 2012-இல் முடிவுற்றது; எனினும் பல ஆண்டுகள் பல குடும்பங்களுக்குக் கூலி தந்தது.

இதிலிருந்து நாம் அறிவது: ஒரே கையால் முடியும் வேலைக்கு அந்தக் கையே அளவு. பல கைகள் சேரும் வேலைக்கு எல்லாக் கைகளுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும். அதனை வைத்துத் தருவது சங்கத்தின் கடமை. அது இல்லாதபோது கடைசிக் கையைத் தண்டிப்பது நியாயமாகாது.

சங்கம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

வேலை தொடங்கும் நாளில் ஒவ்வோர் இயந்திரத்திலும் 2 1/2 அங்குலச் சதுரங்கள் மூன்றை இணைத்துப் பார்க்க வேண்டும். நடுச்சதுரம் சரியாக 2 அங்குலமும், மூன்றும் சேர்ந்து 6 1/2 அங்குலமும் இருக்க வேண்டும். தையல் 1/32 குறைந்தாலும் இத்துண்டு 6 5/8 அங்குலமாகக் காட்டிக் கொடுத்துவிடும். தடித்த துணியில் மடிப்பே ஒரு நூலளவு நீளத்தைத் தின்னும்; ஆகவே துணி மாறும்போதெல்லாம் சோதனைத் துண்டும் புதிதாகத் தைக்கப்பட வேண்டும். சரியான இடம் தெரிந்ததும், பாதத்தின் ஓரத்தை நம்பாமல், இயந்திரத் தட்டின்மேல் ஒட்டுநாடாவால் கோடு ஒன்று ஒட்டிவிடுக.

கரை வளரும்போதே 4 சதுரங்களில் 8 1/2 அங்குலம், 12 சதுரங்களில் 24 1/2 அங்குலம், 36 சதுரங்களில் 72 1/2 அங்குலம் என அளந்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கரையோடு குத்தி அனுப்ப வேண்டும். கரை பொருத்துபவர் அளவு தவறிய கரையை ஏற்க மறுக்கலாம் என்னும் உரிமையும் எழுதப்பட வேண்டும்.

நாம் சொன்ன சங்கம் அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்துச் செய்தது. பிடித்த கூலியை அந்த அம்மையாருக்குத் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்த 3 போர்வைகளின் கரைகளைப் பிரித்து, வாங்குபவரின் சம்மதத்தோடு நடுப்பட்டை வைத்துப் பொருத்தினார்கள். மீதிப் போர்வைகளுக்குப் பட்டை தேவைப்படவில்லை. இயந்திரங்களில் கோடு ஒட்டியபின் கரை தானாகவே அளவுக்கு வந்தது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. 24 சதுரங்கள் கொண்ட கரையில் ஒவ்வொரு தையலும் 1/32 அங்குலம் குறைந்தால் மிகை எவ்வளவு? (விடை: 1 7/16 அங்குலம்.)

2. அந்த மிகையைத் தையல்களை ஆழப்படுத்தித் தீர்ப்பதா, நடுப்பட்டை வைத்துத் தீர்ப்பதா? நேரம், துணி, போர்வையின் அளவு ஆகிய மூன்றையும் கொண்டு விவாதிக்க.

3. உங்கள் சங்கத்து இயந்திரங்களில் சோதனைத் துண்டு தைத்துப் பார்த்து, கண்ட அளவுகளைக் கரும்பலகையில் எழுதுக.

4. உங்கள் சங்கத்தில் கடந்த ஆண்டு கூலியில் பிடித்தம் செய்த தீர்மானங்கள் உண்டா? பிழை அந்தக் கையில் பிறந்ததா, அந்தக் கைக்கு வந்து சேர்ந்ததா என்று அளந்து பார்த்தபின் அவை எழுதப்பட்டனவா?